பன்னிரண்டு கம்பியும் கச்சான் காற்றும்

"வீட்டில் எலெக்ட்ரிக் கிடார் இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். "அப்படியா! வாசியுங்களேன்" என்பார்கள். "பன்னிரண்டு கம்பி" என்று சேர்த்துச் சொல்லுங்கள். "எதுக்கு சார் அவ்வளவு?" என்பார்கள். நியாயமான கேள்விதான். கைக்கு விரல் ஐந்துதானே!

சாதாரண கிடாரில் கம்பி ஆறு. இதில் ஆறு ஜோடி. இரண்டு ஜோடி மட்டும் அச்சு அசலாக ஒரே சுருதி. மற்ற நாலு ஜோடியிலும் ஒன்று தடியன். பக்கத்தில் இருப்பது ஒரு ஸ்தாயி மேலே கத்தும் பொடியன். அப்பாவும் கைக்குழந்தையும் ஒரே பாட்டைப் பாடுகிற மாதிரி. இரண்டும் நூற்றுக்கு நூறு சேராது. அந்த மயிரிழைப் பிசகில்தான் 'ஜிலுஜிலு' பிறக்கிறது.

1964 பிப்ரவரியில் அமெரிக்கா போன பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனுக்கு ரிக்கன்பேக்கர் கம்பெனி இப்படி ஒன்றைக் கொடுத்தது. 'எ ஹார்ட் டேஸ் நைட்' பாட்டின் ஆரம்பத்தில் 'ஜ்ஜாங்' என்று விழுமே, அதில் இருப்பது அதுதான். படத்தில் அதைப் பார்த்த 'பேர்ட்ஸ்' ரோஜர் மெக்வின் தானும் ஒன்று வாங்கினார். அப்புறம் உலகம் பூராவும் ஜிலுஜிலு. (அதே 1964 டிசம்பரில்தான் புயல் தனுஷ்கோடியை, பாஸஞ்சர் ரயிலோடு சேர்த்து, வாரிக்கொண்டு போனது. எங்கள் ஊர்ப்பக்கம் 64 என்றால் யாருக்கும் பீட்டில்ஸ் ஞாபகம் வராது.)

ராமநாதபுரம் ஜில்லாவுக்கு கிடார் சத்தம் வானொலி வழியாக வந்தது. மெட்ராஸை விட இலங்கை ஒலிபரப்புதான் இங்கே கணீரென்று கேட்கும். ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யைக் கேட்டுத்தான் மாஸ்டர் கெட்டுப்போனாராம். அவரே சொன்னது.

மாஸ்டர் என்றால் எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றின் கிடாரிஸ்ட். தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் கப்பல் ஓடிய காலத்தில், கொழும்பிலிருந்து திரும்பிய சொந்தக்காரர் ஒருவர் சேலைகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்தது அந்த கிடார். ஜப்பான் சரக்கு. பெயர் அழிந்துபோயிருந்தது. மண்டபம், தங்கச்சிமடம், பாம்பன் என்று கோயில் திருவிழா, மாதா கோயில் திருவிழா, கல்யாணம் ஒன்று விடாமல் வாசித்திருக்கிறார். 1982-க்கு அப்புறம் 'இளைய நிலா' கேட்டுச் சீட்டு வராத மேடையே கிடையாதாம். பின்னாலேயே கீபோர்டு வந்தது. ஒரே பெட்டியில் கிடார், வயலின், புல்லாங்குழல். நாலு ஆள் சம்பளம் மிச்சம். மாஸ்டர் கட்டிலுக்கு மேலே, கிடார் கட்டிலுக்குக் கீழே.

2013-ல் வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும் என்று 9,000 ரூபாய்க்கு எனக்குக் கொடுத்தார். கூடவே ஒரு பழைய வேட்டித் துண்டும். "வாசிச்சதும் தொடைச்சிரணும் தம்பி. நம்ம ஊர்க் காத்து உப்பு."

ஆனி, ஆடியில் கச்சான் காற்று கிளம்பினால் புதுக் கம்பி மூன்றே வாரத்தில் கடலைமிட்டாய் நிறம். பன்னிரண்டும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் இழுவை சுமார் 90 கிலோ. அத்தனையும் தாங்குகிற கிடார், மூன்றாம் ஜோடியின் பொடியனிடம் தோற்றுப்போகும். 0.2 மில்லிமீட்டர்தான் கனம், சுருதியோ எல்லாக் கம்பியையும் விட மேலே. 'டிங்' என்று அறுந்து மூக்கு நுனியை விசாரித்துவிட்டுப் போகும்.

ஆனாலும் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, ஆம்ப்ளிஃபயரில் மாட்டாமல் மடியில் வைத்து ஒரு தட்டு தட்டினால்... கொசு கூட்டமாக பஜனை பாடுகிற அளவு சத்தம்தான் வரும். எனக்கு அது போதும்.

பி.காம். படித்த பாவத்துக்கு வருஷாவருஷம் மனசுக்குள் தேய்மானம் போட்டு வந்தேன். கணக்குப்படி இன்றைக்கு இதன் மதிப்பு சில ஆயிரம். போன மாசம் பெங்களூரிலிருந்து பழைய கிடார் சேர்க்கிற ஆசாமி ஒருவர் போனில் சொன்ன விலை 70,000! "என்னங்க, கொடுத்துருங்க. ஃபிரிட்ஜாவது மாத்தலாம்" என்றாள் மனைவி. ஃபிரிட்ஜ் மாற்ற வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் 9,000-க்கு வாங்கியதை 70,000-க்குத் தள்ளினால் மிச்சம் 61,000 யார் கணக்கில் வரவு? எந்தப் பேராசிரியரும் இதைச் சொல்லித்தரவில்லை.

மாஸ்டரிடமே போய் விஷயத்தைச் சொன்னேன். வித்தால் பாதி உங்களுக்கு என்றும் சொன்னேன். வாதம் வந்து இடது கை மடங்கிக் கிடக்கிறது அவருக்கு. கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மூணாவது ஜோடியில சின்னக் கம்பி மாத்துனியா?" என்றார்.

"இல்ல மாஸ்டர், போன வாரம்தான் அறுந்தது."

"முதல்ல அதை மாத்து. பதினோரு கம்பியோட வெளியூர்க்காரன்கிட்ட காட்டாதே."

கம்பி வாங்கி மாட்டிவிட்டேன். பெங்களூர்க்காரர் இதுவரை மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்.