அப்டேட்டுக்குப் பின் முடங்கிய போன்: 'ரீசெட்' அடிப்பதற்கு முன் சற்று நில்லுங்கள்

இரவு தூங்கப் போகும்முன் 'புதிய அப்டேட் வந்துள்ளது' என்ற அறிவிப்பைத் தட்டிவிட்டுப் படுக்கிறோம். ஃபஜ்ருக்கு எழுந்து பார்த்தால் கம்பெனியின் பெயர் திரையில் வருகிறது, மறைகிறது, மறுபடியும் வருகிறது. அதற்கு மேல் போன் நகர மறுக்கிறது. வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். கடைசியில் யூடியூப் பார்த்துவிட்டு வந்த பிள்ளையோ, தெருமுனைக் கடைக்காரரோ "ரீசெட் அடிச்சா சரியாயிடும்" என்கிறார். பெரும்பாலும் அது சரியாகியும் விடுகிறது. புதிதாக வாங்கியதுபோல் போன் திறக்கிறது. உள்ளே மட்டும் ஒன்றும் இருப்பதில்லை.

சவூதியில் இருக்கும் வாப்பாவின் இகாமா நகல், மகளின் நிக்காஹ் படங்கள், கொடுக்கல் வாங்கல் பற்றி வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டது, மவுத்தான உம்மா கடைசியாக அனுப்பிய நாலு குரல் பதிவுகள் எல்லாம் அந்த ஒரு தட்டலில் போய்விடுகின்றன. போனைக் காசு கொடுத்து வாங்கலாம். இவற்றை எங்கே போய் வாங்குவது? முடங்கிய போனை எந்த வரிசையில் கையாள வேண்டும் என்பதை நம் குடும்பங்கள் அறிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு தெளிவு. அப்டேட்டுக்குப் பின் வரும் எல்லாத் தொல்லையும் பழுது அல்ல. வீடு மாறிய முதல் வாரத்தில் உப்பு டப்பா எங்கே, தீப்பெட்டி எங்கே என்று தேடுகிறோமே, அது போன்ற நிலைதான் போனுக்கும். ஆண்ட்ராய்டு ஒரு பெரிய பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது, உள்ளிருக்கும் ஒவ்வொரு செயலியையும் புதிய அமைப்புக்கு ஏற்ப மறுபடி தயார் செய்கிறது. ஐபோன் நம் படங்களையெல்லாம் மறுபடி அட்டவணை போடுகிறது. இந்த வேலை பின்னணியில் ஓடுவதால் போன் சூடாகும், சார்ஜ் சீக்கிரம் இறங்கும், தட்டினால் தாமதமாகத் திறக்கும். இரண்டு மூன்று நாள் பொறுங்கள். இரவில் வைஃபையுடன் சார்ஜில் போட்டு வையுங்கள். பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

அடங்காவிட்டால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று காலி இடம். 64 ஜி.பி. போனில் 62 ஜி.பி. நிறைந்திருந்தால் எந்த அப்டேட்டும் அதில் மூச்சு விட முடியாது. இன்னொன்று பேட்டரி. பழைய பேட்டரி உள்ள ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாமல் இருக்க, அப்டேட் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் நிறுவனமே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகுதான் பேட்டரியின் ஆரோக்கியத்தை சதவீதத்தில் காட்டும் பக்கம் ஐபோனின் அமைப்புகளில் வந்தது. அப்டேட் கெடுத்துவிட்டது என்று நினைத்துப் புதுப் போன் வாங்கியவர்களில் பலருக்குப் புதுப் பேட்டரியே போதுமாயிருந்திருக்கும்.

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் இன்னொரு புகார்: "அப்டேட் போட்டதிலிருந்து பாங்கு சத்தம் வருவதில்லை." தொழுகை நேரச் செயலி கெட்டுப்போய்விட்டது என்று அதை நீக்கி வேறொன்றை ஏற்றுகிறார்கள், அதுவும் பேசுவதில்லை. காரணம் வேறு. ஆண்ட்ராய்டு 13 முதல், செயலி அறிவிப்பு காட்டுவதற்கு நம்மிடம் தனியாக அனுமதி பெற வேண்டும். ஆண்ட்ராய்டு 14 முதல், புதிதாக ஏற்றும் பல செயலிகளுக்குத் துல்லியமான நேரத்தில் அலாரம் அடிக்கும் உரிமை தானாகக் கிடைப்பதில்லை. இதோடு, அதிகம் திறக்கப்படாத செயலிகளைப் பேட்டரி மிச்சத்துக்காகத் தூங்க வைக்கும் பழக்கம் பல கம்பெனி போன்களுக்கு உண்டு. எனவே அமைப்புகளில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய் அறிவிப்பு, 'அலாரம் மற்றும் நினைவூட்டல்', பேட்டரிக் கட்டுப்பாடு ஆகிய மூன்றையும் பாருங்கள். பேட்டரியில் 'கட்டுப்பாடு இல்லை' என்று வைத்தால் லுஹர் பாங்கு லுஹரிலேயே கேட்கும், இன்ஷா அல்லாஹ். பேரனின் மருந்து நினைவூட்டல் வராமல் போனாலும் இதே மூன்று இடங்கள்தான்.

போன் திறக்கிறது, ஆனால் தானாக அணைந்து அணைந்து எழுகிறது என்றால் 'சேஃப் மோடு' உதவும். போனை அணைக்கும் பொத்தான் திரையில் தெரியும்போது, அதைத் தட்டாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இந்த வழி வரும். அதில் கம்பெனி கொடுத்த செயலிகள் மட்டுமே ஓடும். அங்கே போன் ஒழுங்காக நடந்தால், குற்றவாளி நாம் ஏற்றிய ஏதோ ஒரு செயலி. கடைசியாக ஏற்றியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். திரை தெரிகிறது, தொடுதல் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், ஓடிஜி இணைப்பில் ஒரு சாதாரணக் கணினி மவுஸைச் செருகுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அம்புக்குறி வந்துவிடும். அதை வைத்தே உள்ளே இருப்பதையெல்லாம் நகலெடுக்கலாம்.

இனி, திறக்கவே திறக்காத போன்.

முதலில் அசல் சார்ஜரில் ஒரு மணி நேரம் போடுங்கள். அப்டேட் நடக்கும்போது சார்ஜ் தீர்ந்திருக்கலாம். பிறகு கட்டாயமாக மறுதொடக்கம்: பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்து 20 விநாடி வரை பிடிக்க வேண்டும். சில மாடல்களில் பவர் பொத்தானை மட்டும் 30 விநாடி. ஐபோன் 8 முதல் வந்தவற்றில், ஒலி கூட்டும் பொத்தானை ஒருமுறை அழுத்தி விட்டு, ஒலி குறைப்பதை ஒருமுறை அழுத்தி விட்டு, பக்கவாட்டுப் பொத்தானை ஆப்பிள் சின்னம் வரும்வரை பிடித்திருக்க வேண்டும். இதில் எதுவும் அழியாது; தயங்காமல் இரண்டு மூன்று முறை செய்யலாம்.

இதற்கும் மசியாவிட்டால் 'ரெக்கவரி' என்ற திரைக்குப் போக வேண்டும். கைநடுக்கம் இல்லாத ஒருவர் செய்யட்டும். சாம்சங் போனைக் கணினியுடன் கேபிளில் இணைத்து, ஒலி கூட்டும் பொத்தானையும் பவரையும் சேர்த்துப் பிடித்தால் இந்தத் திரை வரும்; மற்ற கம்பெனிகளில் பொத்தான்கள் கொஞ்சம் மாறும். கருப்புத் திரையில் சின்ன எழுத்தில் ஆங்கிலப் பட்டியல் ஒன்று தெரியும். அதில் 'வைப் கேச் பார்ட்டிஷன்' என்று ஒரு வரி, 'வைப் டேட்டா, ஃபேக்டரி ரீசெட்' என்று இன்னொரு வரி. பெரும்பாலும் ஒன்றுக்கடுத்து ஒன்றாக இருக்கும். முதலாவது தற்காலிகக் குப்பைக் கோப்புகளைக் கூட்டித் தள்ளுகிறது. உங்கள் படத்தைத் தொடாது. இரண்டாவது எல்லாவற்றையும் துடைக்கிறது. இரண்டும் 'வைப்' என்றே தொடங்குவதால் அவசரத்தில் விரல் தவறுகிறது. ஒலிப் பொத்தானால் நகர்த்தி, நிறம் எந்த வரியில் நிற்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படித்த பின்பே பவர் பொத்தானை அழுத்துங்கள். புதிய சாம்சங் போன்களில் 'ரிப்பேர் ஆப்ஸ்' என்றொரு வரியும் உண்டு. அதுவும் எதையும் அழிப்பதில்லை. சில கம்பெனி போன்களில் கேச் வரியே இருக்காது. இல்லையே என்று அடுத்த வரியை அழுத்திவிட வேண்டாம்.

ஐபோனிலும் இதே போன்ற ஒரு சந்திப்பு உண்டு. கணினியில் இணைத்து, மேலே சொன்ன பொத்தான் முறையில் ஆப்பிள் சின்னம் வந்த பின்பும் விடாமல் பிடித்தால் கேபிள் படம் வரும். கணினி அப்போது 'அப்டேட்' வேண்டுமா, 'ரீஸ்டோர்' வேண்டுமா என்று கேட்கும். அப்டேட் என்பது உள்ளிருப்பதை வைத்துக்கொண்டே மென்பொருளை மட்டும் மறுபடி ஏற்ற முயலும். ரீஸ்டோர் அழித்துவிட்டு ஏற்றும். 'ரீஸ்டோர்' என்றால் மீட்டுத் தருவது என்று அகராதிப் பொருளை நம்பி அதைத் தட்டியவர்கள் உண்டு. பதிவிறக்கம் 15 நிமிடத்தைத் தாண்டினால் போன் அந்தத் திரையிலிருந்து வெளியேறிவிடும். பதறாமல் மறுபடி அதே பொத்தான்களை அழுத்தினால் போதும்.

ரீசெட் செய்துவிட்டால் கடையில் கொடுத்து மீட்க முடியாதா என்று கேட்கிறார்கள். பழைய நோக்கியா காலத்து மெமரி கார்டுக்கு அது நடந்தது. இன்றைய போன்கள் உள்ளே இருப்பதையெல்லாம் பூட்டியே வைத்திருக்கின்றன. ரீசெட் செய்யும்போது அந்தப் பூட்டின் சாவியே அழிகிறது. சாவியை உருக்கிய பிறகு பெட்டி இருந்தும் பயனில்லை. "5,000 கொடுங்கள், எல்லாவற்றையும் எடுத்துத் தருகிறேன்" என்று சொல்பவரிடம், எடுத்துக் காட்டிய பின் தருவதாகச் சொல்லிப் பாருங்கள்.

ஆகவே கேச் துடைத்தும் திறக்காத நிலையில், நகல் எடுத்து வைக்காதவர்கள் ரீசெட்டைத் தள்ளிப்போட வேண்டும். தள்ளிப்போட்டதால் பயன் கிடைத்த சம்பவங்கள் இருக்கின்றன. 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 14 வந்தபோது, ஒரே போனில் ஒன்றுக்கு மேற்பட்ட பயனர்களை வைத்திருந்த கூகுள் பிக்சல் போன்கள் சில தம் சேமிப்பையே திறக்க முடியாமல் தவித்தன. சில மறுதொடக்கச் சுழலில் சிக்கின. அடுத்த மாத அப்டேட்டில் கூகுள் திருத்தம் கொடுத்தது. 2014 செப்டம்பரில் ஐஓஎஸ் 8.0.1 வந்ததும் ஐபோன் 6 போன்களில் சிக்னலே போனது. சுமார் ஒரு மணி நேரத்தில் ஆப்பிள் அதைத் திரும்பப் பெற்று, ஓரிரு நாளில் திருத்திய பதிப்பை வெளியிட்டது. எல்லாக் கதையும் இப்படி நன்றாக முடிவதில்லை. 2024 அக்டோபரில் சாம்சங் எஸ்10, நோட்10 போன்ற பழைய போன்கள், கம்பெனியின் ஒரு துணைச் செயலி தானாக அப்டேட் ஆனதால் சுழலில் மாட்டின. பலருக்கு ரீசெட் தவிர வேறு வழி கிடைக்கவில்லை. அவர்கள் எந்தப் பெரிய அப்டேட்டையும் தட்டியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நான் அப்டேட்டே போட மாட்டேன் என்பவருக்கும் நகல் வேண்டும்.

நகல் என்றதும் "கூகுளில் தானாக ஏறிவிடும்" என்கிறோம். எது ஏறுகிறது? கூகுள் போட்டோஸில் காப்பு நகல் இயக்கப்பட்டிருந்தால் படங்கள் ஏறும். ஆவணங்கள் ஏறாது. வாட்ஸ்அப் தனி. அதன் அமைப்புகளில் 'சாட் பேக்கப்' பக்கத்தைத் திறந்து கடைசி நகலின் தேதியைப் பாருங்கள். பல வீடுகளில் அந்தத் தேதி போன வருடத்தில் நிற்கிறது. 2024 முதல் ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் நகலும் கூகுளின் இலவச 15 ஜி.பி.க்குள் கணக்காகிறது. ஆகவே இடம் நிறைந்ததும் நகல் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது. வீடியோவைச் சேர்க்கும் பொத்தான் அதே பக்கத்தில் தனியாக உண்டு. குரல் பதிவுகளுக்கு இன்னும் கவனம் தேவை. அவை கேலரியில் வராது. 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்ற கோப்புறையில் தேதியை மட்டும் பெயராகக் கொண்டு கிடக்கும், யாருடைய குரல் என்று அதில் இருக்காது. உம்மாவின் குரல், நன்னாவின் துஆ என்று முக்கியமானவற்றை அழுத்திப் பிடித்து, பகிர்ந்து, பெயரிட்டு ஒரு பென்டிரைவிலும் போட்டு வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும்.

அப்டேட்டுக்கு முன் இன்னொன்றும் பாருங்கள். பெரியவர்களின் போனில் கூகுள் கணக்கை யார் உருவாக்கியது? கடைக்காரர் அவசரத்தில் ஏதோ ஒரு முகவரியும் கடவுச்சொல்லும் போட்டுக் கொடுத்திருப்பார். ரீசெட்டுக்குப் பின் திருட்டுத் தடுப்புக்காகப் போன் அந்தப் பழைய கணக்கைக் கேட்கும். தெரியாவிட்டால் நல்ல போன் மேசையில் பூட்டியபடியே கிடக்கும்.

கடைக்குக் கொடுக்கும்போது, கூடவே வீட்டுப் பெண்களின் படங்களும் அந்நியர் கைக்குப் போகின்றன. போன் திறக்கும் நிலையில் இருந்தால், சாம்சங்கில் 'மெயின்டனன்ஸ் மோடு', பிக்சலில் 'ரிப்பேர் மோடு' என்ற வசதியை இயக்கிக் கொடுங்கள். பழுது பார்ப்பவர் போனைச் சோதிக்கலாம். நம் படங்களும் பேச்சுகளும் அவருக்குத் தெரியாது. பின் எண்ணைக் காகிதத்தில் எழுதிப் போனின் முதுகில் ஒட்டிக் கொடுக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடலாம். திறக்காத போன் என்றால் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே போங்கள். 'என் அனுமதி இல்லாமல் தரவை அழிக்கக் கூடாது' என்று ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லி, கையெழுத்துடன் நகல் வாங்குங்கள். அங்கே முதல் வேலையாக ரீசெட் செய்வது சாதாரண நடைமுறை. பழைய மென்பொருளை ஏற்றித் தருவதாகச் சொல்லும் வெளிக்கடைகளில் எச்சரிக்கை தேவை. பல போன்கள் பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தடுக்கும் ஏற்பாட்டுடன் வருகின்றன, பலவந்தம் செய்தால் முழுக்கச் செத்துவிடும்.

திரையில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு விழுந்தால் அது திரையின் பழுது. எந்த ரீசெட்டும் அதை நீக்காது. ஒன்பிளஸ் நிறுவனம் 2024-ல் இந்தியாவில் இந்தப் பச்சைக் கோட்டுக்கு வாழ்நாள் உத்தரவாதம் அறிவித்தது. உத்தரவாத காலம் முடிந்துவிட்டதே என்று நாமாகவே காசு எடுத்து நீட்டும் முன், இப்படி ஏதேனும் அறிவிப்பு உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கம்பெனி கொடுத்த அப்டேட்டால் கெட்ட போனுக்கு நம்மிடமே பணம் கேட்டால் வாய் மூடி வர வேண்டியதில்லை. போன்களின் வேகத்தைக் குறைத்த அப்டேட்டுகளுக்காக 2018-ல் இத்தாலி அரசின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. நம் நாட்டிலும், ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்குப் பின் ஐபோன்களில் கோளாறு என்று தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார்கள் வந்ததைத் தொடர்ந்து, ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பப்பட்டதாக மத்திய அமைச்சர் பிரலாத் ஜோஷி 2025 ஜனவரியில் தெரிவித்தார். அந்த உதவி மையத்தின் எண் 1915. வாங்கிய பில், ஜாப் ஷீட், அப்டேட் போட்ட தேதி, முடங்கிய திரையை இன்னொரு போனில் எடுத்த படம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே எழுதியும் கொடுக்கலாம்.