வளரும் உடலுக்குச் சோறு வேண்டாமா?

உங்கள் வீட்டில் அப்பாவோ பாட்டியோ நீரிழிவுக்காகச் சோற்றைக் குறைத்திருக்கலாம். பக்கத்து வீட்டு அண்ணன் உடல் இளைப்பதற்காக இட்லி, சப்பாத்தி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் விலக்கிவிட்டு முட்டையும் இறைச்சியுமே சாப்பிடலாம். "மாவுப்பொருள்தான் கெடுதல்; நீயும் விட்டுவிடு" என்று அவர் உங்களிடமும் சொல்லக்கூடும். சொல்வதைக் கேட்கலாமா? விடை காண்பதற்கு முன், நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு சிறுமியைச் சந்திப்போம்.

20 கிலோ எடை

அவள் பெயர் எலிசபெத் ஹியூஸ். தந்தை சார்லஸ் எவான்ஸ் ஹியூஸ், 1921-இல் அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சரானவர். 1919-இல், தன் பதினோராம் வயதில், எலிசபெத்துக்கு நீரிழிவு கண்டது. அவளுடைய கணையம் இன்சுலினைச் சுரக்கவில்லை. இன்சுலின் இல்லாவிட்டால் இரத்தத்திலுள்ள குளுக்கோஸைத் தசை முதலிய திசுக்கள் சரிவர எடுத்துக்கொள்ள முடியாது. அது இரத்தத்தில் பெருகிச் சிறுநீரில் வீணாகும்.

அந்நாளில் இன்சுலின் மருந்து கிடையாது. டாக்டர் பிரெடரிக் ஆலன் என்பவர் கண்ட வழி ஒன்றுதான் இருந்தது. உணவைக் குறை, அதிலும் மாவுப்பொருளை மிகமிகக் குறை, சிறுநீரில் சர்க்கரை தோன்றினால் பட்டினி போடு! இந்த முறையால் எலிசபெத் உயிரோடிருந்தாள், ஆனால் வளரவில்லை. 1922 ஆகஸ்டில், பதினைந்து வயது நிறையும் வேளையில், ஏறத்தாழ ஐந்தடி உயரமிருந்த அவளுடைய எடை சுமார் 20 கிலோதான்.

அந்த மாதம் அவளைக் கனடாவிலுள்ள டொரான்டோ நகருக்கு அழைத்துச் சென்றார்கள். இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான டாக்டர் பான்டிங் அவளுக்கு ஊசி போட்டார். பிறகு அவள் ரொட்டி உள்படப் பலவும் சாப்பிட்டாள். சில மாதங்களில் எடை இரு மடங்கைத் தாண்டியது. எலிசபெத் 73 வயது வரை வாழ்ந்து, 1981-இல் காலமானார்.

எலிசபெத் இழந்தது மாவுப்பொருளை மட்டுமன்று, கலோரிகள் அனைத்தையும்தான். ஆகவே அந்தப் பட்டினி உணவும் இன்றைய குறைந்த மாவுப்பொருள் உணவும் ஒன்றே என்று சொல்லிவிடக் கூடாது. ஆனாலும் ஒரு பாடம் இதில் உண்டு. உயிரோடிருப்பது வேறு, வளர்வது வேறு.

அடுப்பா, கட்டடமா?

வளர்ந்தவரின் உடல், கட்டி முடிந்த வீடு. பழுது பார்த்தால் போதும். உங்கள் உடலோ இன்னும் கட்டப்பட்டு வரும் வீடு. எலும்பு நீள்கிறது, தசை பெருகுகிறது. கட்டுவதற்கு வேண்டிய மரம் புரதம். அடுப்பெரிக்கும் விறகு மாவுப்பொருளும் கொழுப்பும்.

விறகில் மாவுப்பொருள் மிகவும் குறைந்தால் என்ன ஆகும்? கல்லீரலில் கிளைக்கோஜனாகச் சேமித்து வைத்த சர்க்கரை ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு கல்லீரல் கொழுப்பிலிருந்து 'கீட்டோன்' என்ற பொருள்களை உண்டாக்கும். மூளை இவற்றையும் பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் இரத்தச் சிவப்பணுக்களுக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும். மூளைக்கும் ஓரளவு வேண்டும். எனவே கல்லீரல் புரதத்தை உடைத்துக் குளுக்கோஸ் செய்கிறது. கட்டட மரத்தை எடுத்து அடுப்பில் வைப்பது போன்றது இது! உணவில் புரதமும் கலோரியும் போதாமலிருந்தால், கட்டட வேலை நின்றுவிடும்.

மருந்தாக ஓர் உணவு

"மாவுப்பொருள் குறைந்த உணவைக் குழந்தைகளுக்கு மருத்துவர்களே கொடுக்கிறார்களாமே?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பட்டினி கிடந்தால் வலிப்பு நோய் தணிவதைக் கண்டிருந்தார்கள். பட்டினி போடாமலே அந்தப் பயனைப் பெற, கொழுப்பு மிகுந்த, மாவுப்பொருள் மிகக் குறைந்த ஓர் உணவை 1921-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ரஸ்ஸல் வைல்டர் கூறினார். மருந்துகளுக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இன்றும் இதைக் கொடுக்கிறார்கள். பலருக்கு நல்ல பயன் கிடைக்கிறது.

எப்படிக் கொடுக்கிறார்கள் தெரியுமா? ஒவ்வொரு வேளையும் உணவை எடை போட்டு! கூடவே வைட்டமின், தாது உப்பு மாத்திரைகள்; இரத்தச் சோதனை; உயரம், எடைக் கணக்கு. அப்படியும் சில குழந்தைகளுக்கு மலச்சிக்கலும் சிறுநீரகக் கல்லும் உண்டாகின்றன. சிலரது வளர்ச்சி மெதுவாகிறது. வலிப்பின் துன்பத்தோடு ஒப்பிட்டே மருத்துவர்கள் இதை ஏற்கிறார்கள். நோயில்லாத பிள்ளைக்கு இந்த விலையைக் கொடுக்கக் காரணம் என்ன?

ஒரு சிறு கணக்கு

பென்சிலை எடுங்கள். 13 முதல் 15 வயதுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,400 கலோரி தேவை. ஆணுக்கு இன்னும் கூடுதல். அதில் பாதி மாவுப்பொருளிலிருந்து வருவதாகக் கொள்வோம். அது 1,200 கலோரி. ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கலோரி தரும். ஆகவே 300 கிராம் வேண்டும். மூளையின் தேவையை மட்டும் கருதியே நாளொன்றுக்கு 130 கிராம் என அமெரிக்க வல்லுநர்கள் வகுத்துள்ளனர்.

அந்த 1,200 கலோரியை முட்டையால் ஈடு செய்ய முடியுமா? ஒரு முட்டை சுமார் 75 கலோரி. அப்படியானால் நாள்தோறும் 16 முட்டைகள்! எத்தனை வீடுகளில் இது நடக்கும்? சோற்றை நிறுத்தும் மாணவர் பெரும்பாலும் வேறெதையும் போதிய அளவு சேர்ப்பதில்லை. பெயர்தான் 'மாவுப்பொருள் குறைப்பு', நடப்பது அரைப்பட்டினி. தானியமும் பருப்பும் தந்த நார்ப்பொருளும் பி வைட்டமின்களும்கூடக் குறைந்துபோகும்.

எதைக் குறைக்கலாம்?

அப்படியானால் மாவுப்பொருள் எல்லாமே நல்லதுதானா? இல்லை. 300 மில்லி இனிப்புக் குளிர்பானம் ஒன்றில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கும். அதாவது ஏறக்குறைய ஏழு தேக்கரண்டி! அதில் நார் இல்லை, புரதம் இல்லை. இதைத் தாராளமாக விட்டுவிடலாம். தட்டில் மலைபோல் சோறும் ஓரத்தில் ஒரு துளி பொரியலும் இருந்தால், அந்த விகிதத்தையும் மாற்றலாம். பருப்பு, சுண்டல், கீரை, முட்டை, மீன், மோர் ஆகியவை கூடட்டும். கேழ்வரகும் கம்பும் அவ்வப்போது வரட்டும்.

எடை மிகுந்த பிள்ளைகளும் நீரிழிவுள்ள பிள்ளைகளும் என்ன செய்வது? அவர்களுக்கான உணவை மருத்துவரும் உணவு வல்லுநரும் முடிவு செய்ய வேண்டும். எலிசபெத்துக்கு வந்தது போன்ற நீரிழிவு உள்ள சிறுவருக்கும்கூட, மருத்துவக் குழுவின் நெருங்கிய கண்காணிப்பின்றி இவ்வுணவு கூடாது என 2023-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் கூறியது. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர் திடீரெனச் சோற்றை நிறுத்தினால், இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும்.

ஆகவே, அடுத்த முறை அந்த அண்ணன் உங்களை அழைத்தால் கோபிக்க வேண்டாம். "அண்ணா, உங்கள் வீடு கட்டி முடிந்துவிட்டது. என் வீட்டில் இன்னும் கொத்தனார் வேலை நடக்கிறது!" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.