ஒரே கட்ஆஃப், யார் முன்னால்? எஸ்க்யூஎல்லில் ரேங்க் போடுவது

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் தரவரிசைப் பட்டியல் வந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி: "அதே கட்ஆஃப்தானே, அவன் எப்படி நம்ம பையனுக்கு முன்னாடி?" எஸ்க்யூஎல்லில் ரேங்க் போடுவதன் சிக்கல் மொத்தமும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

கட்ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணித மதிப்பெண் அப்படியே 100க்கு, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி. மாநிலப் பாடத்திட்டத்தில் மதிப்பெண்கள் முழு எண்கள். அதனால் கட்ஆஃப் அரை அரையாகத்தான் ஏறும். 0 முதல் 200 வரை மொத்தமே 401 மதிப்புகள்தான் சாத்தியம். விண்ணப்பிப்பவர்களோ லட்சத்துக்கும் மேல். சமநிலை என்பது இங்கே விதிவிலக்கு இல்லை, அதுதான் வழக்கமே.

சரி, நான்கு பேரை எடுத்துக்கொள்வோம்: 198.5, 198, 198, 197.5. கட்ஆஃபை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால்,

ரேங்க்(): 1, 2, 2, 4
டென்ஸ்_ரேங்க்(): 1, 2, 2, 3
ரோ_நம்பர்(): 1, 2, 3, 4

ரேங்க் என்பது "எனக்கு மேலே எத்தனை பேர், கூட்டல் ஒன்று". டென்ஸ் ரேங்க் "எனக்கு மேலே எத்தனை வெவ்வேறு மதிப்புகள், கூட்டல் ஒன்று". இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் டென்ஸ் ரேங்கில் 190 எடுத்தவருக்கு அதிகபட்சம் 21வது இடம் வரும். முன்னால் ஆயிரக்கணக்கில் நின்றாலும் 21தான். இந்த நம்பரை நம்பி யாராவது கல்லூரி தேர்வு செய்தால் என்ன ஆகும்!

ரோ நம்பர் எல்லோருக்கும் தனி எண் தருகிறது, கலந்தாய்வுக்கும் அதுதான் தேவை. ஆபத்தும் அதில்தான். இரண்டு 198க்காரர்களில் யார் 2, யார் 3 என்று நாம் சொல்லாவிட்டால் டேட்டாபேஸ் தன் வசதிக்கு ஒன்றைத் தரும். நாளைக்கு ஒரு இண்டெக்ஸ் சேர்த்தால் அது மாறிவிடலாம். எர்ரர் எதுவும் வராது.

ஆகவே சமநிலையை உடைக்கும் விதிகளை நாம்தான் எழுதவேண்டும். கலந்தாய்வில் கணிதம், இயற்பியல் என்று பாட மதிப்பெண்களைப் பார்த்துக்கொண்டே போய், அப்படியும் தீராவிட்டால் பிறந்த தேதியில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதுவும் சமம் என்றால் சமவாய்ப்பு எண். சுருக்கமாக (எஸ்க்யூஎல் சொற்களின் ஒலிப்பைத் தமிழில் தருகிறேன்):

ரோ_நம்பர்() ஓவர் (ஆர்டர் பை கட்ஆஃப் டெஸ்க், கணிதம் டெஸ்க், இயற்பியல் டெஸ்க், பிறந்த_தேதி ஏஎஸ்சி, சமவாய்ப்பு_எண் டெஸ்க்)

பிறந்த தேதிக்கு மட்டும் ஏஎஸ்சி. பழைய தேதிதான் மூத்தவர். பழக்கதோஷத்தில் அங்கேயும் டெஸ்க் போட்டால் இளையவர் முன்னால் போய்விடுவார். பட்டியலைப் பார்த்தால் எதுவும் தப்பாகத் தெரியாது. இன்னொரு பொறி: மதிப்பெண் நல்லாக இருந்தால் போஸ்ட்கிரெஸ் அதைப் பெரிய மதிப்பாக எடுத்துக்கொண்டு டெஸ்க் வரிசையில் முதலில் வைக்கும். மார்க்கே பதிவாகாத ஆள் முதல் ரேங்க்! நல்ஸ் லாஸ்ட் என்று சேர்த்துவிடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் நேர் எதிர். அங்கே இந்தத் தொல்லை இல்லை.

சமவாய்ப்பு எண்ணை முன்கூட்டியே ஒதுக்கி, தரவரிசைக்கு முன்பே வெளியிட்டுவிடுகிறார்கள். அது மிகச் சரியான முறை. அதை டேபிளில் சேமிக்காமல் ஆர்டர் பையில் ரேண்ட்() என்று போட்டால் குவெரி ஓடும் ஒவ்வொரு முறையும் வேறு ரேங்க் வரும். யாரும் திரும்பச் சரிபார்க்க முடியாது.

பொது ரேங்கோடு கம்யூனிட்டி ரேங்கும் வேண்டுமென்றால் ஓவர் அடைப்புக்குள் முதலில் 'பார்டிஷன் பை சமூகப்_பிரிவு' சேர்த்தால் போதும். ஒவ்வொரு பிரிவிலும் எண்ணிக்கை 1லிருந்து தொடங்கும்.

இவை மைஎஸ்க்யூஎல்லுக்கு 8.0இல்தான், 2018இல் வந்தன. அதற்கு முன் ஒவ்வொரு வரிக்கும் "மேலே எத்தனை பேர்" என்று கவுண்ட் போடும் சப்குவெரி எழுதுவோம். லட்சம் வரிக்கு அது 1000 கோடி ஒப்பீடு. டீ குடித்துவிட்டு வரலாம்.

கடைசியாக, வேர் வரி ரேங்க் கணக்கிடுவதற்கு முன்பே ஓடிவிடும். ஒரு மாவட்டத்து மாணவர்களின் மாநில ரேங்க் வேண்டும் என்று அதே குவெரியில் மாவட்டத்தை வடிகட்டினால், வருவது மாவட்ட ரேங்க்தான். ரேங்கை உள்குவெரியில் முடித்துவிட்டு வெளியே வடிகட்டுங்கள்.