பொய்முகவரியின் தடம்

அஞ்சல் உறையின்மீது அனுப்புநர் முகவரியை எழுதுபவர் அனுப்புநரே. அது மெய்யோ பொய்யோ என்று அஞ்சலகம் ஆராய்வதில்லை; பெறுநர் முகவரி இருந்தால் மடல் போய்ச் சேர்ந்துவிடும். இணையத்தில் கணிப்பொறிகள் விடுக்கும் 'பாக்கெட்' என்னும் செய்தித் துணுக்குகளின் நிலையும் இதுவே.

1996 செப்டம்பரில் நியூயார்க் நகரின் பேனிக்ஸ் என்னும் இணையச் சேவை நிறுவனம் இதனால் முடங்கிற்று. பொய்முகவரி தாங்கிய இணைப்பு வேண்டுகோள்கள் வெள்ளமெனப் பாய்ந்தன. ஒவ்வொன்றுக்கும் மறுமொழி விடுத்து, வாராத விடைக்காக அந்நிறுவனக் கணிப்பொறி காத்துக் கிடந்தது. காத்திருப்புப் பட்டியல் நிரம்பவே, மெய்யான வாடிக்கையாளர்க்கு இடமில்லாமற் போயிற்று. இதனைச் சேவை மறுப்புத் தாக்குதல் என்பர்.

விடுத்தவரைக் கண்டறிவது எங்ஙனம்? பாக்கெட்டுகளை வழிநடத்தும் 'ரௌட்டர்' கருவிகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் சென்று, வெள்ளம் எவ்வாயில் வழியே புகுந்தது என ஆராய வேண்டும். அவையோ வெவ்வேறு நிறுவனங்களின் உடைமை. வெள்ளம் வடிந்தபின் பெரும்பாலும் தடமும் இராது.

2000ஆம் ஆண்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஸ்டீபன் சாவேஜும் உடன் ஆய்ந்தோரும் ஒரு வழி கூறினர். தன்னைக் கடப்பனவற்றுள் ஏதோ சிலவற்றின்மீது மட்டும் ரௌட்டர் தன் அடையாளத்தின் ஒரு கூற்றைப் பொறிக்கும். ஒன்றிரண்டால் எதுவும் விளங்காது. பல்லாயிரம் சேர்ந்தால் வந்த வழி புலப்படும். தாக்குவோன் எவ்வளவு மிகுதியாக விடுக்கின்றானோ அவ்வளவு விரைவில் அகப்படுவான்! சொன்னவர் பெயர் மட்டும் போதாது, இடைநின்று அறிவித்தோர் அனைவரும் தெரிய வேண்டும் என்னும் ஹதீஸ் கலையின் இஸ்னாத் முறையை அறிந்த நமக்கு இக்கருத்து அயலன்று. எனினும் எண்ணற்ற ரௌட்டர்களை மாற்ற வேண்டியிருந்தமையின் இது நடைமுறையிற் பரவவில்லை.

தடம் கிட்டினும் ஆள் கிட்டுவதில்லை. 2000 பிப்ரவரியில் யாஹூ, அமேசான், சி.என்.என். ஆகியன தாக்கப்பட்டன. சி.என்.என். மீது பாய்ந்த வெள்ளத்தில் ஒரு பகுதி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகக் கணிப்பொறியொன்றிலிருந்து வந்தது. அதனைக் களவாய் இயக்கியவனோ வேறொருவன். 'மாஃபியாபாய்' என்னும் புனைபெயர் பூண்ட, கனடாவின் மாண்ட்ரீல் பகுதியைச் சார்ந்த 15 வயதுச் சிறுவன் பின்னர்ப் பிடிபட்டான். இணைய அரட்டை அறைகளில் அவன் அடித்துக்கொண்ட தம்பட்டமே அதற்குப் பெருந்துணை செய்தது. நாளை நம் கல்லூரிக் கணிப்பொறியின் முகவரி ஒரு தாக்குதலில் தென்பட்டால், அதன்முன் அமர்ந்திருந்த மாணவனை ஐயுறுமுன் இதனை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பொய்முகவரியைப் புறப்படும் இடத்திலேயே தடுத்தல் எளிது. தன் முகவரிகள் எவை என்பதை ஒவ்வொரு வலையமைப்பும் அறியும். பிற முகவரி தாங்கி வெளிச்செல்வதை மறித்தாற் போதும். பெர்குசன், செனி என்னும் இருவர் 1998இலேயே இதனை வலியுறுத்தினர். காவல் வைப்பவர்க்குச் செலவு, பயனோ பிறர்க்கு. ஆதலின் இன்றும் எல்லா வலையமைப்புகளும் இதனைச் செய்வதில்லை.