பந்துருட்டிய மகளிர் நால்வர்

விளையாட்டு என்றவுடன் மாணவராகிய நம் மனத்தில் முதற்கண் தோன்றுவன கால்பந்தும் ஹாக்கியும் கிரிக்கெட்டுமே. ஓட்டமும் தாவலும் இல்லாத ஒன்றை ஆட்டமெனக் கொள்ளவே நாம் தயங்குகிறோம். முதியோர் மாலைப்பொழுதைப் போக்க வகுத்துக்கொண்ட வேடிக்கை என்று எளிதில் ஒதுக்கிவிடுகிறோம். அங்ஙனம் ஒதுக்கப்பட்டவற்றுள் ஒன்று, லான் பவுல்ஸ் என வழங்கும் புல்தரைப் பந்துருட்டு. அவ்வாட்டத்தில் 2022ஆம் ஆண்டில் நம் நாட்டு மகளிர் நால்வர் பெற்ற வெற்றியையும், அதற்கு அவர்கள் வந்து சேர்ந்த வழியையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவ்வாட்டம் மிகப் பழையது. இங்கிலாந்து தேசத்துச் சவுதாம்ப்டன் நகரில் 1299ஆம் ஆண்டு முதல் வழங்கி வருவதாகச் சொல்லப்படும் பந்துருட்டுத் திடல் ஒன்று இன்றும் உளது. எனினும் இது எல்லார்க்கும் உரியதாக இருந்ததில்லை. எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1541ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம் ஒன்று, கைத்தொழிலாளரும் வேலையாட்களும் தொழில் பயிலும் சிறுவரும் கிறிஸ்துமஸ் காலமொழிந்த ஏனைய நாட்களில் இதனை ஆடலாகாதெனத் தடுத்தது. குடிமக்கள் வில்வித்தையைக் கைவிட்டு இத்தகைய ஆட்டங்களில் காலங்கழிக்கின்றனர் என்பது அதற்குக் காட்டப்பட்ட காரணம். நிலபுலம் மிகுந்த செல்வர்க்கோ தத்தம் தோட்டத்தில் ஆட உரிமம் பெறும் வழியிருந்தது. இத்தடை முற்றிலும் நீங்கியது 1845ஆம் ஆண்டிலேதான். உழைத்துண்பார்க்கு முந்நூறு ஆண்டுகள் மறுக்கப்பட்டது இவ்வாட்டம் என்பதை நம் வாசகர் நினைவிற் கொள்வாராக.

இனி, ஆட்டத்தின் இயல்பைக் காண்போம். செவ்வனே சமன் செய்து, புல்லை ஒட்ட வெட்டிய திடலில் நீண்ட பாத்திகள் போல ஆடுகளங்கள் பிரிக்கப்படும். முதலில் 'ஜாக்' என்னும் சிறு பந்து உருட்டி நிறுத்தப்படும். ஆடுவோர் விரிப்பின்மேல் நின்று, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள பெரிய உருண்டைகளை அச்சிறு பந்தை நோக்கி உருட்டுவர். எதிரணியின் மிக நெருங்கிய உருண்டையைக் காட்டிலும் நம் உருண்டைகள் எத்தனை ஜாக்கினை அண்மி நிற்கின்றனவோ, அச்சுற்றில் நமக்கு அத்தனை புள்ளிகள். ஒரு சுற்றில் ஓர் அணிக்கே புள்ளி கிட்டும்.

கேட்டற்கு எளிதாயுள்ளது, ஆயின் செய்தற்கு அரிது. ஏனெனில் அவ்வுருண்டை முழு வட்டமானதன்று. ஒரு புறம் சற்றே சாயுமாறு வேண்டுமென்றே சமைக்கப்பட்டது. வேகமாய்ச் செல்லுங்கால் ஏறக்குறைய நேராகவே ஓடும். வேகம் தணியத் தணியத் தன் சாய்வுப் பக்கம் வளைந்து திரும்பும். ஆதலின் இலக்கை நேரே குறி வைப்பவன் தோல்வியுறுவான். எத்துணைத் தொலைவு விலக்கி விட்டால் எவ்விடத்தே வளைந்து வந்து நிற்கும் என்பதைக் கண்ணாலும் கையாலும் கணித்தே உருட்டல் வேண்டும். புல்லின் ஈரமும் வெயிலும் காற்றும் அக்கணக்கை நாழிகைக்கு நாழிகை மாற்றும். இங்கு உடல் வன்மையினும் பொறுமையும் அடங்கிய மனமுமே பெரிதும் உதவுவன.

நால்வர் கூடி ஆடுங்கால் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் பணி உண்டு. முதலாமவர் 'லீட்' எனப்படுவர். ஜாக்கினை உருட்டி ஆட்டத்தைத் தொடங்குபவர் அவரே. இரண்டாமவர் அவர் இட்ட அடிப்படையை உறுதி செய்வர். மூன்றாமவர் தலைவர்க்கு அமைச்சர் போன்றவர்; தலைவர் உருட்ட வருங்கால் ஜாக்கின் அருகில் நின்று நிலைமையை அறிவிப்பவர். நான்காமவர் 'ஸ்கிப்' எனப்படும் தலைவர். ஏனையோர்க்கு மறுமுனையினின்று வழிகாட்டித் தாம் இறுதியில் உருட்டுவர். சுற்று முழுவதும் சிதைந்திருப்பினும் அவர்தம் கடைசி உருண்டை அதனைச் சீராக்கவும் கூடும்.

நம் நாட்டில் இவ்வாட்டம் பரவத் தொடங்கியது 2010ஆம் ஆண்டில் தில்லியில் நிகழ்ந்த காமன்வெல்த் போட்டிகளை ஒட்டியேயாம். இந்தியா தன் மண்ணிலேயே அப்போட்டிகளை நடத்த நேர்ந்தபோது, புல்தரைகள் அமைக்கவும் ஆடுவோரைத் தேடவும் வேண்டியதாயிற்று. பழகிய ஆட்டக்காரர் இலர்; ஆகவே பிற ஆட்டங்களினின்று விலகியோரும், விலக நேர்ந்தோரும் இதன்கண் வந்து சேர்ந்தனர்.

அவ்வாறு வந்தோரே நாம் கூறப்புகுந்த நால்வரும். ராஞ்சியைச் சேர்ந்த லவ்லி சௌபே முன்னர் ஓட்டப் பந்தயங்களில் ஈடுபட்டவர். உடலிற்பட்ட ஊறு அவ்வழியை அடைத்துவிட்டது. பின்னர் அவர் ஜார்க்கண்டு மாநிலப் போலீசில் காவலராயினர். அஸ்ஸாமின் கோலாகாட் மாவட்டத்து நயன்மோனி சைக்கியா பளு தூக்குபவராக இருந்தவர். அவரையும் காலிற்பட்ட காயமே இத்திடலுக்குக் கொணர்ந்தது. ரூபா ராணி திர்க்கி ராஞ்சியினர். கபடி ஆடிப் பழகியவர். பின்னர் மாவட்ட விளையாட்டு அலுவலராகப் பணிபுரிந்தவர். பிங்கி என்பவர் தில்லியில் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியை; 2010ஆம் ஆண்டுப் போட்டிக்கென அவர்தம் பள்ளியிற் பயிற்சித் திடல் அமைந்தபோதுதான் இவ்வாட்டம் அவர் கண்ணிற் பட்டது. ஆக, காவலர், ஆசிரியை, அலுவலர் என உழைத்துண்ணும் மக்களே இவர்கள். செல்வர்தம் தோட்டத்திற் பிறந்தவரல்லர்.

வெற்றி விரைவில் வந்ததன்று. 2010ஆம் ஆண்டில் மூவர் ஆட்டத்தில் இந்திய மகளிர் நான்காம் இடம் வரை முன்னேறினர். பதக்கம் மட்டும் கைக்கெட்டவில்லை. 2014ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரினின்றும், 2018ஆம் ஆண்டில் கோல்டு கோஸ்டினின்றும் இந்திய அணியினர் வெறுங்கையினராகவே திரும்பினர். உருண்டைகளையும் அயல்நாட்டினின்றே வருவிக்கவேண்டிய நாட்டில், பெயரும் புகழும் தராத ஓர் ஆட்டத்தைப் பன்னீராண்டு விடாது பயில்வதென்பது எளிய செயலோ? திருவள்ளுவர் 'ஆள்வினையுடைமை' என ஓர் அதிகாரமே வகுத்தது இத்தகையோரைக் கருதியே போலும்.

2022ஆம் ஆண்டுப் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிகளில், லெமிங்டன் ஸ்பா என்னும் ஊரின் விக்டோரியா பூங்காவில் இந்நால்வரும் ஆடினர். சௌபே முதலாமவர், பிங்கி இரண்டாமவர், சைக்கியா மூன்றாமவர், திர்க்கி தலைவர். அரையிறுதியில் எதிர்த்தது நியூசிலாந்து. தொடக்கத்தில் பின்தங்கிய நம்மவர், இறுதிச் சுற்றில் தலைவரது உருட்டலால் 16க்கு 13 என்று வென்றனர். ஆகஸ்டு 2ஆம் நாள் நிகழ்ந்த இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்காவை எதிர்த்தனர். முதலில் 8க்கு 2 என முந்தி நின்றனர். பின்னர் எதிரணியினர் படிப்படியாக ஏறி 10க்கு 8 என மேற்சென்றனர். கையிற் கிட்டிய வெற்றி நழுவுவதைக் கண்டும் இவர் கலங்கிற்றிலர். அதன்பின் ஒரு புள்ளியும் விட்டுக்கொடாது, 17க்கு 10 என ஆட்டத்தை முடித்தனர். காமன்வெல்த் போட்டிகளின் பந்துருட்டில் இந்தியா பெற்ற முதற் பதக்கமே பொற்பதக்கமாயிற்று. நான்கு நாட்களின் பின் ஆடவர் நால்வரும் வெள்ளிப் பதக்கம் பெற்றனர். அவ்வாண்டுக்குரிய அர்ஜுனா விருது சைக்கியாவுக்கும், அடுத்த ஆண்டுக்குரியது பிங்கிக்கும் வழங்கப்பட்டது.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? முயற்சி திருவினையாக்கும் என்பதை நாம் எல்லாரும் அறிவோம். அதனை மட்டும் கூறுதற்கு இத்துணை நீண்ட கட்டுரை வேண்டா. இவர்களது முயற்சிக்கு ஒரு திடல் கிடைத்தது என்பதே நாம் இங்கு வற்புறுத்தக் கருதுவது. காலில் காயமுற்ற பெண்ணை நோக்கி, உன் விளையாட்டு முடிந்தது, வீட்டிற்குச் செல் என்று கூறாது, அவளுக்கென வேறொரு வாயில் திறந்திருந்தது. அவ்வாயில் இல்லையேல், அவர்தம் பொறுமையும் கணிப்பும் எவருக்கும் தெரியாமலே போயிருக்கும். அங்ஙனம் தெரியாமற் போனவர் நம் நாட்டில் எத்தனை பேரோ!

நம் போன்ற கல்லூரிகளிலும், முதலாண்டிலேயே அணிக்குத் தெரிந்தெடுக்கப்படாதவர் பின்னர் மைதானத்தின் பக்கமே திரும்பிப் பாராத நிலையுண்டு. மைதானத்திற்கு மட்டுமன்று, வகுப்பறைக்கும் இது பொருந்தும். ஒரு தேர்வில் தவறியவரை நாம் எத்துணை விரைவில் கணக்கினின்று நீக்கிவிடுகிறோம்! திராட்சத் தோட்டத்திற்குப் பதினோராம் மணி வேளையில் வந்தவர்க்கும் முழுக்கூலி அளித்த எசமானைப் பற்றி ஆலயத்தில் வாசிக்கக் கேட்கும் நாம், பிந்தி வருவோர்க்கென ஓரிடம் ஒதுக்கி வைத்தல் நம் கடனன்றோ?