‘ஆஸ்டின் டவுன்’ என்று தேடினால் லிங்க் ஏன் இவ்வளவு நீளம்?

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் வாடகை வீடு தேடுறீங்க. ஊர்ப் பெயரைத் தமிழில் டைப் செய்து, வந்த லிங்க்கை காப்பி பண்ணி நண்பருக்கு அனுப்பினால், வரிசையாகச் சதவீதக் குறிகள்! வைரஸ் இல்லை, பயப்படாதீங்க.

இணைய முகவரியில் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டுமே நேரடியாகப் போகும். மற்றவை பைட்டுகளாக உடையும். ஒவ்வொரு பைட்டும் % குறியோடு சேர்த்து 3 இடம் பிடிக்கும். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், அதாவது 9 இடம். புள்ளியும் கொம்பும் தனிக்கணக்கு. ‘ன்’ மட்டுமே 18 இடம்! ‘ஆஸ்டின் டவுன்’ 12 குறியீடு, 108 இடம். நடுவில் இடைவெளிக்கு %20. மொத்தம் 111. ஆங்கிலத்தில் எழுதினால் வெறும் 13.

பைத்தானில் இதைச் செய்வது ‘க்வோட்’, திருப்புவது ‘அன்க்வோட்’. இரண்டுமே ஒரே வரி வேலைதான். ஆனால், ஏற்கெனவே மாற்றியதை இன்னொரு முறை ‘க்வோட்’ செய்தால் % குறியே %25 ஆகிவிடும். %20 என்பது %2520 ஆகும், 111 என்பது 185 ஆகும். 160 எழுத்து எஸ்எம்எஸ் ஒன்றில் அது அடங்காது. சர்வர் ஒருமுறை மட்டும் திருப்பிப் பார்த்து, சதவீதக் குறிகளையே ஊர்ப் பெயராக நினைத்துத் தேடும். அந்தப் பெயரில் வீடு எங்கே கிடைக்கும்?

அதனால் முழு முகவரியையும் ‘க்வோட்’டுக்குள் தள்ளாதீங்க, தேடல் சொல்லை மட்டும், முகவரியில் சேர்க்கும் இடத்தில், ஒரே முறை மாற்றுங்க. இடைவெளிக்குப் பதில் + வந்திருந்தால் ‘அன்க்வோட்’ அதைத் தொடாது. அதற்கு ‘அன்க்வோட் பிளஸ்’ இருக்கு.