சுகர் நோட்டு – 9: விரலில் ஒட்டிய மாம்பழம்

போன மே மாதம் ஒரு மதியம், மூன்றரை மணி இருக்கும். மிஷின் 286 காட்டியது. நான் சாப்பிட்டதோ ஒன்றரைக் கரண்டி சோறு, கீரைக் கூட்டு, மோர். 250-ஐத் தாண்டினால் இன்சுலின் இரண்டு யூனிட் கூட்டிப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். பேனா ஊசியைக் கையில் எடுத்தும்விட்டேன்.

"அம்மா, இப்பதானே புள்ளைக்கு மாம்பழம் நறுக்கிக் குடுத்தே? கையைக் கழுவினியா?" என்றாள் மகள்.

எங்கே கழுவினேன், முந்தானையில் துடைத்திருந்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் குத்திப் பார்த்தால் 151. சர்க்கரை என் ரத்தத்தில் ஏறவில்லை, விரல் நுனியில் உட்கார்ந்திருந்தது. ஸ்ட்ரிப் உறிஞ்சுவது கடுகளவு ரத்தம். அதில் பழச்சாறு லேசாகக் கலந்தாலே எண் எங்கேயோ போய்விடுகிறது. ஸ்பிரிட் பஞ்சு போதும் என்று நினைத்திருந்தேன். அதுவும் முழுக்கப் போக்காதாம், தண்ணீர்தான் வேண்டும். அந்த இரண்டு யூனிட் உள்ளே போயிருந்தால் ஐந்து மணிக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இப்போதும் பிடிக்கவில்லை.

சுத்தமான விரலிலும் மிஷின் தராசு முள் இல்லை. 2013-இல் வந்த சர்வதேசத் தர விதியே 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் கூடக்குறையக் காட்டலாம் என்கிறது. நிஜத்தில் 200 இருந்தால் 170-ம் வரலாம், 230-ம் வரலாம். இது தெரியாமல் அடுத்தடுத்துக் குத்தி, 182 சரியா 201 சரியா என்று மிஷினோடு சண்டை போட்ட நாட்கள் உண்டு. ஸ்ட்ரிப் விற்கிற விலையில்!

காலைச் சுகர் வேறு கதை. ராத்திரி படுக்கும்போது 124, விடிந்ததும் 178. "நடுராத்திரி ஃபிரிட்ஜைத் திறந்தியா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார், ஆனாலும் சுருக்கென்று தைக்கும். டாக்டர் மூன்று ராத்திரி அலாரம் வைத்து, மூன்று மணிக்குப் பார்க்கச் சொன்னார். அந்த நேரத்தில் இறங்கியிருந்தால் ஒரு வைத்தியம், இறங்காமல் இருந்தால் வேறு. எனக்கு மூன்று நாளும் 115-க்கும் 125-க்கும் நடுவில்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் ஏறியிருக்கிறது. விடியற்காலையில் உடம்பு எழுந்திருக்கத் தயாராகும்போது கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன; கல்லீரல் தன் இருப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. மற்றவர்களுக்கு அதைச் சமாளிக்கும் இன்சுலின் உள்ளேயே ஊறும், எங்களுக்கு ஊறாது. அதாவது நான் தூங்கும்போது திருடியது என் கல்லீரல். வீட்டுக்காரரிடம் இதை ரொம்ப நிதானமாக, இரண்டு முறை சொன்னேன்.

காய்ச்சல், பல்வலி, கல்யாண வீட்டு அலைச்சல், தூக்கம் கெட்ட ராத்திரி எல்லாம் ஏற்றும் என்பது இந்நேரம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாமல் இருந்தது தொப்புளுக்கு இடதுபக்கம். வருடக்கணக்கில் அங்கேயே ஊசி போட்டுவந்தேன்.

"இங்க கட்டியா இருக்கே, இதுலயேதான் போடுறீங்களா?" என்றார் வயிற்றைத் தடவிப் பார்த்த நர்ஸ்.

"அங்கதான் சிஸ்டர் வலிக்கவே வலிக்காது."

வலிக்காததுதான் கோளாறு. ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்புத் திரண்டுவிட்டது. அதில் இறங்கும் மருந்து ஒருநாள் மெதுவாக ஏறும், ஒருநாள் பாதி ஏறும். அதை ஈடுகட்ட டோஸ் கூடிக்கொண்டே போயிருந்தது. இடத்தை மாற்றும்போது டோஸையும் டாக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னார். நான் இடத்தை மட்டும் மாற்றினேன். மறுநாள் பதினொரு மணிக்குக் கை நடுங்கி, ரவிக்கை நனைய வியர்த்து, பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். 58. அந்த வீட்டுப் பெண் பாவம், ஓடிப்போய் நெய் லட்டு கொண்டுவந்தாள். லட்டில் இருக்கிற நெய் சர்க்கரையைச் சீக்கிரம் ஏறவிடாது. தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் பொறுத்து, மறுபடி குத்திப் பார்த்தேன். 84 வந்தபிறகுதான் லட்டைப் பிட்டு வாயில் போட்டேன். ஆசைக்குத்தான்.

அன்றிலிருந்து நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். '163 – தம்பியோடு போனில் நிலத் தகராறு.' '72 – கோயில் பிராகாரம் மூன்று சுற்று.' '240 – ஊசி போட்டேனா என்றே நினைவில்லை.' டாக்டர் இப்போதெல்லாம் எண்களைத் தள்ளிவிட்டு இதைத்தான் முதலில் படிக்கிறார்.

போன செவ்வாய் 219. கை கழுவியிருந்தேன், ஊசி போட்டிருந்தேன், இரண்டே இட்லி, யாரோடும் சண்டை இல்லை. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். கட்டத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டுக் காபி போட எழுந்துபோனேன்.